எந்தப் பக்கம்?

சம்பத் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்துக்கு நேராக நூலைப் பிடித்தான்.

அவ்வளவுதான். ஸ்கேல் எடுக்கவில்லை. வெர்னியர் கருவி கேட்கவில்லை.

"அண்ணா, ரெண்டு பக்கமும் மூணு மூணு மில்லி பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. பிரிக்கப்படாதுங்ணா. ஆறையும் லெஃப்ட்டுலயே குடுத்துருங்க. நேரா வந்துரும்."

மயில்சாமிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஒன்பது நாள். பழைய புல்லட் வண்டியின் சட்டத்தில் புது அகலச் சக்கரம். மாட்டினால் செயின் கோணிக்கொண்டு ஓடியது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் கிடந்த இடைவெளியை அவன் பாதி பாதியாகப் பிரித்து, புஷ் என்கிற இரும்பு வளையம் கடைந்து, அடைத்து, மறுபடி பிரித்துப் பார்த்தான். பாதி பாதி என்றால் சரியாகத்தானே வரவேண்டும்!

இந்தப் பயல் கணபதிப் பகுதியிலிருக்கும் இந்த ஷெட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை.

சொன்னது சரி. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பான்.

ஷெட்டின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்த கடைசல் லேத் நின்றது. நவமணி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சம்பத்து, புடிச்சிட்டியா?"

சம்பத் நூலை ஆட்டிக் காட்டினான். அவள் சிரித்தாள்.

மயில்சாமிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கல்யாணமான புதிதில், லேத்தில் அவளை முதன்முதலாக நிறுத்தியபோது, அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

"வண்டிக்கு எதிர நின்னு பாக்கப்படாது. ஏறி உக்காந்தவனோட லெஃப்ட்டுதான் லெஃப்ட்டு" என்று அன்று சொல்லிக் கொடுத்தான். அவளுக்குக் குழம்பியது. "அட, எம் பின்னால உக்காந்து நீ கால் தொங்கப் போடுற பக்கம்டி!" என்றான். அப்போது சிரித்தாள்.

பதினாறு வருஷம். அவளுக்கு அவன் கண்தான் அளவாக இருந்தது.

இருந்தது. இப்போது இந்தப் பயலின் கண் வந்துவிட்டது. இந்த வண்டி ஓடட்டும், சம்பத்தை நிரந்தரமாகவே வைத்துக்கொள்வோம் என்று சொன்னவளும் அவள்தான். அதை நம்பித்தான் அந்தப் பயலும் பழைய வேலையை உதறிவிட்டு வந்திருந்தான்.

சம்பத் செயின் எடுக்கப் பின்னறைக்குப் போனான்.

நவமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சக்கரத்தின் இரண்டு பக்கத்து ஓட்டையும் ஒரே அளவில்லை. ஒரு பக்கத்துக்குக் கடைந்த புஷ் மறுபக்கம் ஏறாது. அதனால், யார் என்ன சொல்லியிருந்தாலும், கடைவதற்கு முன்னால் மயில்சாமியிடம் ஒருமுறை கேட்பாள்.

"ஏனுங்க, எந்தப் பக்கம்?"

அவன் வண்டிக்கு முன்னால் நின்றிருந்தான். ஹெட்லைட்டைப் பார்த்தபடி.

இடது கையைத் தூக்கினான்.

"இந்தப் பக்கம்."

பொய்யில்லை. இடது கைதான். வண்டிக்குத்தான் அது வலது பக்கம்.

அவள் அந்தப் பக்கத்து ஓட்டையை அளந்துகொண்டு போனாள். அரை மணியில் புஷ் வந்தது. பளபளவென்று, இன்னும் சூடு ஆறாமல்.

சம்பத் மாட்டினான். ஏறவில்லை. திருப்பிப் பார்த்தான். எண்ணெய் தடவிப் பார்த்தான். ஊஹூம்.

"லெஃப்ட்டுன்னுதானுங்களே சொன்னேன்..." என்றான். காது மடல் சிவந்துவிட்டது. "எங்கண்ணுதான் ஏமாத்திருச்சாட்ட இருக்குது."

"கண்ணுல பாத்து அளவு சொல்ற வேலையாடா இது?" என்றான் மயில்சாமி.

வயிற்று எரிச்சல் அடங்கியிருந்தது. குளுகுளுவென்றுகூட இருந்தது. ஒன்பது நாளில் அவன் மனசுக்கு நேராக வந்தது இது ஒன்றுதான்.

நவமணி புஷ்ஷை வாங்கிப் பார்த்தாள்.

வண்டியைப் பார்த்தாள்.

பிறகு அவன் இடது கையைப் பார்த்தாள். அவன் அதைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"உம்மேல தப்பில்ல சம்பத்து. நான்தான் பக்கம் மாத்திக் கடைஞ்சுபோட்டேன்."

"நீங்களாக்கா?"

"ஆமா. நான்தான்."

பதினாறு வருஷத்தில் அவள் ஒரு புஷ்கூடப் பக்கம் மாற்றிக் கடைந்ததில்லை. அது சம்பத்துக்குத் தெரியாது. தெரிந்த இன்னொருவன் பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

சம்பத் முகம் தெளிந்து மறுபடி செயினைப் பிரிக்க உட்கார்ந்தான்.

அவள் லேத்தில் புது ராடு மாட்டினாள். சுவிட்சில் கை வைத்தாள். போடவில்லை.

"ஏனுங்க, எந்தப் பக்கம்?"

அதே கேள்வி. அதே குரல். அதுதான் அவனை உலுக்கியது. அவள் கத்தியிருக்கலாம். சம்பத்தையே கேட்டிருக்கலாம்.

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றான்.

"நீ கால் தொங்கப் போடுற பக்கம்" என்றான். 

அவள் சிரிப்பாள் என்றுதான் நினைத்தான்.

அவள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். இந்த வண்டிக்கென்று அவனே வரைந்து, அவனே தகடு வளைத்து, தோல் தைத்து வாங்கிய சீட்டு. ஒருவர் மட்டும் உட்காரும்படி.

"இதுல நான் எங்கீங்க உக்கார்றது?"

லேத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவன் ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.