முதுகறிந்த நாற்காலி

மேனேஜரின் முதுகெலும்புக்கு முதலாளி போட்ட விலை எண்பதாயிரம். உட்காருபவரின் உடம்புக்கேற்பத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் நாற்காலி அது. ஆறே மாதத்தில் மேனேஜர் முனகினார்.

"இடுப்பை ஒடிக்குது முதலாளி. டூப்ளிகேட்டை நம்ம தலையில கட்டிட்டாங்க. வேற வாங்கிக் கொடுங்க."

மெக்கானிக் வந்து நாற்காலியைச் செல்போனோடு இணைத்துப் பார்த்தார்.

"பழுதே இல்லைங்க. யாரு அதிக நேரம் உட்கார்றாங்களோ, அவங்க முதுகுக்குத்தான் இது வளைஞ்சு கொடுக்கும். இதுல நாப்பத்தஞ்சு கிலோ ஆளு பதிவாகியிருக்கு."

முதலாளி, தொண்ணூறு கிலோ மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார்.

அறை பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு நெளிந்தார். "போன் வந்தா, மீட்டிங்ல இருக்காருன்னு சொல்லச் சொல்லி, சார்தாங்க என்னை உட்கார வச்சிட்டுப் போவாரு."

"போன மாசக் கணக்கைப் படிப்பா," என்று மெக்கானிக்கிடம் சொன்னார் முதலாளி.

"அக்கா நூத்தறுபது மணி நேரம். சார் நாலு. அதுவும் ஒண்ணாந்தேதி மட்டும்."