எழுதியவர்

கணினி வகுப்பில் சேர்ந்த பத்தாம் நாளே அவள் கணவன் பெயரில் ஓர் இணையதளம் அமைத்துவிட்டாள். தினம் ஒரு கடிதம் ஏற்றினாள்.

“ஏம்மா, அவரே எழுதக் கூடாதா?” என்றார் பயிற்சியாளர்.

“அவரோட கப்பல் மூழ்கி நாலு மாசமாச்சு சார். அத்தைகிட்ட இன்னும் சொல்லல. மகன்தான் எழுதறான்னு நினைச்சு தினமும் படிச்சுப் பதில் போடறாங்க.”

தன் கைபேசியில் தளத்தைத் திறந்த பயிற்சியாளர் திடுக்கிட்டார். “நீங்க எழுதற பக்கத்துல தெரியாதும்மா. படிக்கறவங்களுக்கு ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே ‘எழுதியவர்’னு உங்க பேர்தான் வருது!”

“முதல் நாள்லேருந்தா?”

“ஆமாம்மா.”

அவள் உடனே அத்தையின் இன்றைய பதிலைத் திறந்தாள்.

“மகனே, எழுதறதை நிறுத்திடாதே. நீ எழுதறதாலதான் உன் பொண்டாட்டி ஒரு வாய் சாப்பிடறா.”