தண்ணீருக்கு அடியில் ஒரு கதவு

ஆரணி இயற்பியல் ஆசிரியர் அருள்மணிக்குப் பழைய மாணவி தேவிப்ரியா போன் செய்தாள். பட்டுச்சேலை வியாபாரம் பார்ப்பவளுக்குத் திடீரென்று பாடத்தில் சந்தேகம்.

“தண்ணிக்கு அடியில ஒரு கதவு இருந்தா, அதும்மேல எவ்ளோ அழுத்தம் சார்?”

“ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு மூணையும் பெருக்கும்மா. ஒரு மீட்டர் ஆழத்துலயே ஒரு கதவு மேல அரை டன் அழுத்தும்.”

“அப்ப தொறக்கவே முடியாதா?”

“உள்ளேயும் தண்ணி நெறைஞ்சா சமமாயிடும். அப்புறம் லேசா தள்ளினாலே தொறந்துக்கும்.” அவர் சிரித்தார். “இன்னாம்மா, மறுபடி பரீட்சை எழுதப் போறியா?”

“இல்ல சார். நாங்க வந்த கார் ஏரிக்குள்ள உழுந்துடுச்சி. தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சி.”

“மூச்சைப் பிடிச்சிகினு தள்ளும்மா!” என்று அவர் கத்தும்போதே இணைப்பு அறுந்தது.

வெகுநேரம் கழித்து, யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

“என் பக்கம் கதவு தொறந்துச்சி சார். எங்க வூட்டுக்காரர் பக்கம்தான் தொறக்கல.”