அனிஸ்ரனின் செய்தி

றேடியோவுக்குப் பற்றறி கிடைக்காத காலம். கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை றோசம்மா கையால் சுற்ற, டைனமோவில் பூட்டிய றேடியோவில் காதை வைத்திருந்தாள் நிறைமாத மருமகள் கலிஸ்ரா. வெளிநாட்டில் லொறி ஓட்டப்போன அவள் புருசன் அனிஸ்ரனை அங்கே சண்டைபிடிக்கும் தீவிரவாதிகள் பணயமாகப் பிடித்து மூன்று மாதம்.

"என்னவாம் பிள்ளை?"

"சுகமாய் இருக்கிறாராம் மாமி. மலையடியில ஒரு வீடாம். யன்னலால பனி கொட்டுறது தெரியுதாம்."

"அவனுக்குக் குளிர் ஒத்துவராதே!"

"கம்பளி குடுத்திருக்கினமாம். இண்டைக்கு மீன்குழம்பாம்."

"புளி காணாதெண்டு அவங்களோடயும் கொளுவிச் சண்டை பிடிச்சிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பனி கலிஸ்ராவின் கண்ணுக்குள்ளே மெல்ல விழுந்துகொண்டிருந்தது. றேடியோ மூன்று நாளாகப் பேசவில்லை. மாமி உடைந்துபோவாவே என்று கலிஸ்ராவே செய்தியை இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனதும் பக்கத்து வீட்டு மரியநாயகம் வந்தார்.

"அக்கா, றேடியோ வயர் கழண்டு கிடக்குது. பூட்டிவிடட்டே?"

"மெதுவாய்க் கதை தம்பி. நான்தான் கழட்டினனான். அவனைச் சுட்டுப்போட்டாங்களெண்டு அண்டைக்கு நீ செய்தியில கேட்டுவந்து சொன்னது அவளுக்குத் தெரியக்கூடாது. பிள்ளை பிறக்கட்டும்."

மரியநாயகம் திரும்பிப் போனார். கலிஸ்ரா தேத்தண்ணியோடு வந்தாள். றோசம்மா மறுபடி பெடலைப் பிடித்தாள்.

"இப்ப என்ன செய்யிறானாம், பிள்ளை?"