கதவுக்குக் காவல்

"முதல்ல போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும்."

ரத்தம் கொதிக்க வந்து நின்ற அண்ணன்காரனுக்குத் தங்கையின் மாமியார் கொடுத்த வரவேற்பு இதுதான். "வா" இல்லை, "உட்கார்" இல்லை. மூடிய அறைக்கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

மோட்டார் பட்டறையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு வந்தவன் அவன். கையெல்லாம் கிரீஸ். அதைக் கழுவ இப்போது யாருக்கு நேரம்?

"என் தங்கச்சி எங்கே?"

"உள்ளே."

கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள்! அப்படியானால் கீழ்வீட்டு அம்மாள் போனில் சொன்னது பொய்யில்லை.

"மூணாவது குழந்தை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே உங்க தங்கச்சியை ரூம்ல போட்டு அடைச்சுட்டாங்க தம்பி. மாமியார்க்காரி சோத்துத் தட்டை வாசல்ல வச்சுட்டு நகர்ந்துடறா. என் கண்ணால பார்த்தேன்."

வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டால் பூசி மெழுகுவார்கள் என்று நேராகவே வந்துவிட்டான்.

தங்கையின் மாமியாருக்கும் அவனுக்கும் ஏற்கெனவே ஆகாது. மாதம் நிறையும் முன்பே ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகளும் பிறந்து, ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்க அவன் கத்தினான். "எல்லாம் உங்களாலதான்! வயித்துல மூணைச் சுமக்கிறவளை மாடிப்படி ஏற விட்டீங்களே!" அன்று மூடிய வாயை அந்த அம்மாள் அவனிடம் இன்றுதான் திறந்தாள். திறந்தாலும் விளக்கம் சொல்கிற ரகம் இல்லை அவள்.

தங்கை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு குழந்தைகள் எடை ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கடைக்குட்டி மட்டும் பெட்டியிலேயே கிடந்தான். அவன் உருவத்தைப் பார்த்து எல்லாரும் வைத்த பெயர் கடுகு. வீட்டில் இரண்டு, ஆஸ்பத்திரியில் ஒன்று என்று நாயாய் அலைந்தவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். "மூணு பேரையும் ஒண்ணா மடியில போட்டுக்கணும் அண்ணா. அது போதும் எனக்கு."

இப்போது மூன்று பேரும் பக்கத்து அறைத் தொட்டில்களில் இருக்கிறார்கள். பெற்றவள்தான் கதவுக்கு அந்தப் பக்கம்! அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொட்டிலில் ஒன்று சிணுங்கியது. அவன் எட்டிப் பார்க்கப் போனான்.

"அங்கேயே நில்லு! அந்தக் கையோட ஒரு அடி எடுத்து வச்சே, நடக்கிறதே வேற. ஒரு தும்மல் போதும், கடுகு திரும்பப் பெட்டிக்குள்ள போயிடுவான்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பியிருக்கார்."

"பெத்தவளைப் பூட்டி வச்சுட்டுப் பேரன் மேல பாசமா? நல்லா இருக்கும்மா நியாயம்! மாப்பிள்ளை எங்கே?"

"வேலைக்கு."

"அதானே, அம்மா சொல்லைத் தட்டாத உத்தமராச்சே!"

"உனக்கு விளக்கம் சொல்ற தலையெழுத்து எனக்கில்ல."

சிணுங்கல் அழுகையாக மாறியது. மூடிய கதவுக்குள்ளிருந்து கரகரத்த குரல் கெஞ்சியது.

"அத்தே... கடுகுதானே அழறான்? தூர நின்னு ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன் அத்தே."

"மூச்! உனக்கு ஒரு தடவைன்னா ஒன்பது தடவை. பேசாம போய்ப் படு. பால் பீச்சி வச்சியா?"

"வச்சுட்டேன் அத்தே."

அண்ணனால் தாங்க முடியவில்லை. குழந்தைக்கு அவள் பால் மட்டும் வேண்டும், அவள் வேண்டாமா?

"என் தங்கச்சி என்ன கறவை மாடா? நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?"

"அண்ணா, சண்டை போடாதே," என்றாள் தங்கை உள்ளிருந்தே. "நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கிளம்பு."

நல்லா இருக்கிறவள் குரலா இது? சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறாள், பாவம்.

"சாவியைக் குடுங்க," என்றான் மாமியாரிடம்.

"சாவி கிடையாது."

"குடுக்கிறீங்களா, போலீசைக் கூப்பிடட்டுமா?"

"தாராளமா கூப்பிடு. அவங்களையும் கையைக் கழுவிட்டு வரச்சொல்லு."

இவளிடம் பேசிப் புண்ணியமில்லை என்று நாற்காலியைப் பிடித்து இழுத்தான். அவள் எழுந்து, கதவை மறித்து இரண்டு கைகளையும் விரித்தாள். சோப்பில் ஊறி ஊறித் தோல் உரிந்திருந்த கைகள். அவன் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவளை ஒதுக்கிவிட்டுத் தோளால் கதவில் மோதினான்.

கதவு அதிர்ந்தது. மூன்று குழந்தைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டன. மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பயப்படாதேம்மா! இன்னிக்கு உன்னை வெளியே கொண்டுவராம இந்த அண்ணன் போகமாட்டான்!"

மறுபடி மோதினான். கீல் ஒன்று பிடுங்கிக்கொண்டது.

உள்ளே அடுத்தடுத்துத் தும்மல் கேட்டது. பின்னாலேயே தங்கை அலறினாள்.

"இடிக்காதே அண்ணா! இந்தச் சளி விடற வரைக்கும் நான் திறக்கமாட்டேன்... தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கு!"