உள்ளே கைப்பிடி வேண்டாம்

லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்டின் ஷெட்டுக்குள் கிழமாக நுழையும் கார், மாப்பிள்ளையாகத்தான் வெளியே வரும். தகரம் தட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அவர் கை. சீட் தைப்பது தனக்கோடியின் கை.

1961 செப்டம்பரில் ஒருநாள், பழைய பிளிமத் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். பெயர் கோவிந்தப்பா என்றார். அதற்கு மேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை, எதையும் இரண்டு தரம் சொல்லிப் பழகாத குரல்.

பாதி கன்னடமும் பாதி தமிழுமாக வேலைகளைச் சொன்னார். கறுப்பு வண்டி க்ரீம் நிறமாக வேண்டும். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தடித்த பலகை. பின்பக்கக் கண்ணாடிகள் இறங்கவே கூடாது.

"பின் கதவுல உள்பக்கம் கைப்பிடி வேண்டாம்," என்றார் கடைசியாக. "ஆனா வெளியில இருந்து பார்த்தா, குடும்பத்தோட ஊருக்குப் போற வண்டி மாதிரி இருக்கணும். அஷ்டே, அவ்வளவுதான்."

யார் உட்காரப் போகிறார்கள் என்று ஓஸ்வால்ட் கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி? உங்களைப் பத்தி விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். உங்க பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு கூடத் தெரியும். வெளியில பேச மாட்டீங்கன்னு நம்பறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன மாதம்தான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு காலேஜ் பெண்ணை யாரோ காரில் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் இன்னும் கிடைக்கவில்லை. தனக்கோடி அதை நினைவுபடுத்தி, போலீஸில் சொல்லிவிடலாம் என்றான். ஓஸ்வால்ட் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வரை போகவும் செய்தார். அங்கே, பள்ளிக்கூட உடுப்பில் மகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. திரும்பிவிட்டார்.

சொன்னபடி எல்லா வேலையும் செய்தார். சொல்லாத ஒன்றையும் செய்தார்.

இடது பின் கதவின் பூட்டிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை, தகரத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஒளித்து, சீட்டில் முதுகு சாய்கிற இடுக்கு வரை இழுத்து வந்தார். நுனியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். யார் உட்கார்ந்தாலும் பார்வைக்குப் படாது. கையைப் பின்னால் கட்டிப் போட்டிருந்தால், துழாவுகிற விரலுக்கு நிச்சயம் தட்டுப்படும்.

தனக்கோடியின் கைகளைக் கயிற்றால் கட்டி உள்ளே உட்கார வைத்துப் பார்த்தார். மூன்றாவது முயற்சியில் கதவு திறந்தது.

"இது போதும் மேஸ்திரி," என்றான் தனக்கோடி. "எந்தப் புண்ணியவதியோ பொழைச்சுக்குவா."

வண்டியை எடுக்க வந்த கோவிந்தப்பா, தானே பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தோளால் முட்டினார், காலால் உதைத்தார். கதவு அசையவில்லை. ஓஸ்வால்ட் வெளியிலிருந்து திறந்துவிட்டதும் கோவிந்தப்பா இறங்கி, அவர் கையைக் குலுக்கி, ஃபர்ஸ்ட் கிளாஸ் வேலை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஓஸ்வால்ட் மாதா கோவிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். யாருக்கு என்று மனைவி கேட்டபோது, பெயர் தெரியாது என்றார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தனக்கோடி மூச்சிரைக்க ஓடி வந்தான். ஓசூர் ரோட்டில் வந்த லாரி டிரைவர் ஒருவர் டீக்கடையில் சொன்னதாம்.

"பொம்மசந்திரா பக்கம் ஒரு வைக்கோல் வண்டி குறுக்க வந்திருக்கு. க்ரீம் கலர் பிளிமத் வேகத்தைக் குறைச்சிருக்கு. டக்குனு பின் கதவு திறந்துச்சாம். உள்ள இருந்து யாரோ குதிச்சு சவுக்குத் தோப்புக்குள்ள ஓடிட்டாங்களாம் மேஸ்திரி. முன்னாடி உக்காந்திருந்த தடியனுங்களால பிடிக்க முடியலையாம்."

ஓஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஷெட்டில் இருந்தவர்கள், தெருவில் போனவர்கள் என்று எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தன் ஆயுளில் இப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை என்று தோன்றியது. அன்று மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தானே போய் அழைத்து வந்தார்.

மறுநாள் காலை, அந்தப் பெண் பத்திரமாக வீடு சேர்ந்தாளா என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு பேப்பரை விரித்தார்.

முதல் பக்கத்தில் இரண்டு ஆண்களின் படங்கள்தான் இருந்தன: சேலத்தில் மூன்று பேரைக் கொன்றுவிட்டுப் பிடிபட்டு, அந்த ஊர்க் கோர்ட்டுக்கு ரகசியமாகக் கொண்டுபோகும் வழியில் கைவிலங்கோடு தப்பிவிட்ட ஒருவன், அவனைத் தப்பவிட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா.