நாலாவது ஒயர்

லாட்ஜ் சுவருக்குள் ஒரே பைப்பில் நான்கு ஒயர்கள் குடியிருந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுக்கும் ஆளுக்கொரு ஹீட்டர், ஆளுக்குப் பத்து ஆம்பியர். மூன்றும் சமமாக இழுத்ததால், அவற்றின் ஏற்றத்தாழ்வை மட்டுமே சுமக்கும் நாலாவதான கறுப்பு நியூட்ரலுக்குச் சொட்டுக் கரண்டுகூட வரவில்லை. வேலை வராது என்று அதை மெல்லிசாகவே போட்டிருந்தார்கள்.

கறுப்புக்கு வயிறு எரிந்தது. சிவப்பின் காதைக் கடித்தது.

"அண்ணே, நீலத்தோட ஹீட்டர் என்னமா பளபளக்குது! உங்க தகுதிக்கு அது உங்ககிட்டல்ல இருக்கணும்?"

சிவப்புக்குப் பொறுக்கவில்லை. நீலத்தின் ஹீட்டரைப் பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. உடனே கறுப்புக்குள் பதினேழு ஆம்பியர் பாய்ந்தது. ஆகா, என்ன சுகம்!

"மஞ்சளை மட்டும் ஏண்ணே விட்டுவைக்கிறீங்க?"

அதன் ஹீட்டரையும் சிவப்பு பிடுங்கியது. இப்போது முழுசாக முப்பது. கறுப்பின் தோல் உருகிப் புகைந்தது.

"போதும்ணே! அவங்களுதைத் திருப்பிக் கொடுத்துடுங்க!"

"கைக்கு வந்ததைக் கொடுக்கிறதா? போடா!" என்றது சிவப்பு.

சும்மா கிடந்த நீலம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா மஞ்சள், மொத்தக் கரண்டும் கறுப்புக்குத்தான் போகுது. கொடுத்துவச்ச பய!"